ஊசிமுனையின் ஒரே பிரதி

கையெழுத்துப் பத்திரிகை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபதைத் தாண்டிய நம்மில் பாதிப் பேராவது பள்ளிக்கூட நாட்களில் ஒன்று நடத்தியிருப்போம். இல்லையென்றால் ஒன்றுக்குக் கவிதை எழுதிக் கொடுத்து, அது வராமல் போனதற்காக அதன் ஆசிரியரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்போம். அச்சு கிடையாது. ஒரே பிரதி. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வாசகர், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். சுற்றி முடித்துத் திரும்பி வரும்போது அட்டையில் எண்ணெய்க் கறையும், ஓரத்தில் யாரோ எழுதிய கிண்டலும் இருக்கும்.

நாங்களும் ஒன்று நடத்தினோம். அதில் கதையும் இல்லை, கவிதையும் இல்லை. முழுக்க உடுப்புதான். துணி, தையல், கட்டு, அவற்றுக்கான படங்கள். ஒரே ஓர் இதழ் வந்தது. பழைய நினைவு என்றால் வாயில் கற்கண்டு போட்டதுபோல இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்த இதழை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. அறுபது வருஷம் ஆறாத எரிச்சல். பெரியவர்கள்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கடைத்தெருவில் எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஜவுளிக்கடை. கடைக்கு வெளியே தகரத் தாழ்வாரத்தின் கீழே ஒரு தையல்காரர் மெஷின் போட்டிருந்தார். இடம் நைனாவுடையது, மெஷின் அவருடையது. எங்களிடம் துணி எடுப்பவர்கள் அப்படியே திரும்பி அவரிடம் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளிக்குப் போவதும் வருவதும் சேர்ந்துதான். ஆனால் திரும்பி வந்ததும் நான் கடைக்குள் போய்விடுவேன், அவள் தாழ்வாரத்தோடு நின்றுவிடுவாள். இதை நாங்கள் இருவரும் பெரிதாக நினைத்ததே இல்லை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் நினைத்ததில்லை என்பதுதான் சரி.

அந்த வருஷம் காலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தாள். தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகி வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ.யின் மகள். மதராஸில் படித்தவள். முதல் நாள் அவள் போட்டு வந்த ரவிக்கைக்குக் கை பலூன் மாதிரி உப்பி இருந்தது. எங்கள் வகுப்பு முழுக்க அன்றைக்குப் பாடத்தைக் கவனிக்கவில்லை. தையல்காரர் மகள் மட்டும் இடைவேளையில் நேராகப் போய், அந்தக் கையை இரண்டு விரலால் பிடித்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். எத்தனை சுருக்கு வைத்திருக்கிறது என்று எண்ணினாளாம். ஆர்.ஐ. மகள் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படித்தான் மூன்று பேரும் ஒன்றானோம்.

பத்திரிகை நடத்தலாம் என்றது ஆர்.ஐ. மகள். மதராஸில் அவள் படித்த பள்ளியில் ஒன்று இருந்ததாம். ‘ஊசிமுனை’ என்ற பெயரைச் சொன்னது தையல்காரர் மகள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் ஆசிரியர் பொறுப்பு எனக்கு வந்தது. வந்தது என்ன, நானே எடுத்துக்கொண்டேன். முன்னட்டையில் ‘ஆசிரியர்’ என்று போட்டு என் பெயரை எழுதினேன். மற்ற இருவர் பெயரும் பின்னட்டையில், கீழே, சின்ன எழுத்தில். ஏன் அப்படி என்று ஆர்.ஐ. மகள் கேட்டாள். எல்லாப் பத்திரிகையிலும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாம் தடங்கல்தான்.

துணிக் கம்பெனிக்காரர்கள் கடைக்குச் சாம்பிள் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பார்கள். விரல் நீளத்துக்கு வெட்டிய துணிகளை அடுக்கடுக்காக அட்டையில் ஒட்டியிருக்கும். பாப்ளின், வாயில், சீட்டி, அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த நைலக்ஸ். பழைய சாம்பிள் புத்தகங்களைக் கிழித்து எங்கள் இதழில் ஒட்டுவது என் திட்டம். வாசகர்கள் தொட்டுப் பார்க்கலாம். நைனா சம்மதித்தார். ஒரே நிபந்தனை, பக்கத்துக்குப் பக்கம் கடை பெயர் வர வேண்டும். நான் முடியாது என்றேன். அப்படியானால் துணியும் இல்லை என்றார். கடைசியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைப் பெயரை எழுதினேன். என் அழகான கையெழுத்தில், பதினாறு தடவை.

ஒட்டப் பசை வேண்டும். மைதாவைக் காய்ச்சித்தான் ஒட்ட வேண்டும். ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமையும் மைலோ சோளமும் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மைதா கேட்டதற்கு அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், “துண்ண மாவு இல்ல, ஒட்டறதுக்கு மாவு கேக்குதா” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு கைப்பிடி கொடுத்தார். அதைக் காய்ச்சி, துணிகளை ஒட்டி, காயப் போட்டோம். மறுநாள் பார்த்தால் ஒரு அரக்குச் சீட்டித் துணியின் சாயம் பசையோடு இறங்கி, அந்தப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் நனைத்திருந்தது. இரண்டு பக்கத்தையும் மறுபடி எழுதினேன். பிறகு எறும்பு வந்தது. வேப்பெண்ணெய் தடவினோம். அதன்பிறகு இதழ் முழுக்க வேப்பெண்ணெய் வாசம். இன்றும் வேப்பெண்ணெய் மூக்கில் பட்டால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. காரணம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அட்டைக்கு ஒரு கட்டைவிரலும், அதன்மேல் ஒரு ஊசியும், ஊசியிலிருந்து பக்கம் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு சிவப்பு நூலும் தையல்காரர் மகள் வரைந்திருந்தாள். அதைப் பள்ளியின் டிராயிங் மாஸ்டரிடம் காட்டியது என் தப்பு. நல்லா இருக்குது, ஒரு நாள் வச்சிருந்து தரேன் என்றார். மறுநாள் தந்தபோது அட்டை மாறியிருந்தது. ராஜகிரி மலை, கீழே கல்யாண மகால், மேலே இரண்டு கிளி. அவர் கைப்பட வாட்டர் கலரில் போட்டது. ஊசியும் நூலும் எங்கே என்று கேட்டேன். செஞ்சியில் வருகிற பத்திரிகைக்குக் கோட்டை இல்லாமல் எப்படி என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். எங்களுக்கு ஒரு உபகாரம் செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. பரிசுச் சான்றிதழ், ஆண்டு விழா அழைப்பு, காலண்டர் என்று எதை எடுத்தாலும் அந்த மலைதான். ஜன்னலைத் திறந்தாலும் அந்த மலைதான். ஆனால் மாஸ்டர் போட்ட அட்டையை யார் மாற்றுவது?

இதெல்லாம் சின்ன எரிச்சல்கள். பெரியது எங்கள் மூன்று பேருக்குள்ளேயே வந்தது.

ஆர்.ஐ. மகள் கொடுத்த பக்கங்கள் எல்லாம் மதராஸ். உப்பிய கை, படகு போன்ற கழுத்து, உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை. தையல்காரர் மகள் கொடுத்த படங்கள் வேறு மாதிரி. அவள் முகம் வரைய மாட்டாள். சந்தைக்கு மேல்மலையனூர் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டி வைக்கும் விதம், ஆஸ்பத்திரி நர்சம்மாவின் காலர், பூக்காரி இடுப்பில் செருகும் பையின் வாய், இப்படி. எந்த மடிப்பு எந்தப் பக்கம் விழுகிறது, எங்கே தையல், எங்கே முடிச்சு என்று அம்புக்குறி போட்டிருப்பாள். பேப்பர் கிடைக்காததால் அப்பா அளவு வெட்டிப் போட்ட பழைய செய்தித்தாள் துண்டில்தான் வரைவாள். அச்செழுத்துகளுக்கு மேலேயே அவள் கோடு ஓடும்.

ஆர்.ஐ. மகளுக்கு அது பிடிக்கவில்லை. “இதான் நெதம் பாக்கறமே, இதை யாருடி காத்துக்கினு இருந்து படிப்பாங்க” என்றாள்.

தையல்காரர் மகள், “நெதம் பாக்கறோம். ஒருத்தராச்சும் கட்டத் தெரிஞ்சு சொல்லுங்க பாப்போம்” என்றாள்.

ஆசிரியர் என்ற முறையில் நான் தீர்ப்புச் சொன்னேன். மதராஸுக்குப் பத்துப் பக்கம், இவளுக்கு நாலு பக்கம். மீதி இரண்டு பக்கம் என் தலையங்கம். என் தலையங்கத்தில் என்ன எழுதினேன் என்று இன்று ஒரு வரிகூட நினைவில்லை. அவளுடைய நாலு பக்கங்களை என்னால் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க முடிகிறது.

அந்த நாலு பக்கத்தில் இரண்டு பக்கம் தண்ணிக்காரம்மாவுடையது.

எங்கள் பள்ளியில் அப்போது குழாய் கிடையாது. பின்சுவரைத் தாண்டி இருந்த சேந்து கிணற்றிலிருந்து தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாகக் குடம் சுமந்து வந்து, வராந்தாவில் இருக்கும் மண் பானைகளை ஒரு அம்மாள் நிரப்புவார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். ரவிக்கை போடும் வழக்கம் அவருக்கு இல்லை. அவர் வயதில் நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போது இல்லை, உங்களுக்கே தெரியும். நாங்கள் அவரை வா, போ என்றுதான் பேசினோம். இப்போது எழுதும்போது கை தானாக ‘அவர்’ என்று எழுதுகிறது.

மடிப்பெல்லாம் பின்னால் விழும்படி பின்கொசுவம் வைத்து அவர் சேலை கட்டும் அழகைத் தையல்காரர் மகள் பல நாள் கவனித்திருக்கிறாள். ஒரு நாள் மதியம் எங்கள் இருவரையும் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். ஒரு பழைய சேலையும் கொண்டு வந்திருந்தாள். கட்டிக்காட்டச் சொன்னபோது தண்ணிக்காரம்மா முதலில் சிரித்தார். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கட்டியிருந்த சேலைக்கு மேலேயே இன்னொரு சேலையைக் கட்டிக்காட்டினார். எங்கே செருகுவது, எத்தனை கொசுவம், முந்தானையை மார்பில் எப்படி இரண்டு சுற்று இறுக்கிக் கொண்டு வருவது, எல்லாம். “ஒரு கொசுவம் கொறஞ்சாக்கூட நட தட்டும் பாப்பா. குடம் தூக்கறவளுக்கு நடதான் முக்கியம்” என்றார்.

படம் போடப் போகிறோம் என்றதும் கொஞ்சம் யோசித்தார். “மூஞ்சி வேணாம், வெக்கமா இருக்குது. முதுகுப் பக்கமா போட்டுக்க. கொசுவமும் அங்கதான இருக்குது” என்றார்.

அதனால்தான் முதுகு. எனக்கு அது தெரியும். அவர் சொல்லும்போது நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

ஆறு கட்டங்களாகப் பிரித்து வரைந்தாள். ஒவ்வொன்றிலும் சேலை ஒரு படி முன்னேறும். கடைசிக் கட்டத்தில் தலையில் குடத்தோடு, இரண்டு கையும் உயர, முதுகைக் காட்டி ஒரு உருவம் நடந்துபோகும். தோள்பட்டை எலும்பு இரண்டும் சேலை விளிம்புக்கு மேலே தெரியும். அந்த எலும்புக்கு அவள் போட்டிருந்தது ஒரே ஒரு கோடுதான். படத்துக்குக் கீழே நான் எழுதினேன்: ‘இப்படிக் கட்டினால் சுமை தெரியாது.’ இதழில் நான் எழுதியதில் நினைவிருப்பது இந்த ஒரு வரிதான். இதுவும் தண்ணிக்காரம்மா சொன்னது.

எல்லாத் தாள்களையும் நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, மெஷினில் ஒரே ஓட்டாகத் தைத்தோம். தையல்காரர் சாப்பிடப் போயிருந்தபோது அவள் மிதித்தாள், நான் தாளைப் பிடித்துக்கொண்டேன். துணி ஒட்டியிருந்ததால் கனம். ஊசி ஒன்று ஒடிந்தது. திரும்பி வந்து பார்த்த தையல்காரர், காயிதம் தைத்தால் ஊசி மொண்ணையாகிவிடும் என்று கத்தினார். கத்திக்கொண்டே இதழை வாங்கிப் புரட்டினார். தன் மகள் போட்ட பக்கம் வந்ததும் நின்றார். ஓரத்தில் பிசிறாக நின்ற நூலைக் கத்தரித்துவிட்டுக் கொடுத்தார்.

ஒட்டிய துணிகளால் இதழ் விசிறி மாதிரி விரிந்து நின்றது. மூடவே மூடாது. மேலே செங்கல் வைத்து மூடினோம்.

இரண்டு வாரம் வகுப்பில் சுற்றியது. பத்தாம் வகுப்பிலிருந்தும் வந்து கேட்டார்கள். எல்லாரும் முதலில் புரட்டியது மதராஸ் கொண்டை, அதிக நேரம் பார்த்தது தண்ணிக்காரம்மா பக்கம். இரண்டு பேர் பின்சுவருக்குப் பின்னால் தாவணியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டிப் பார்த்து, அது அவிழ்ந்துவிட, சிரித்துக்கொண்டு ஓடி வந்ததும் நினைவிருக்கிறது.

அப்போது இன்ஸ்பெக்ஷன் வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா வரும் நாளில் பிள்ளைகள் செய்த கைவேலைகளை மேஜையில் பரப்பி வைப்பது வழக்கம். அதற்கு முந்தின நாள் காலையில் பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஊசிமுனையை எடுத்தார். அட்டையிலிருந்த கோட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆள் அனுப்பி எங்கள் மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

இதழ் அவர் மேஜையில் அந்தப் பக்கத்தில் திறந்து கிடந்தது.

மாஸ்டர் போட்ட அட்டையிலும் என் பெயரை எழுதியிருந்ததால் என்னைத்தான் முதலில் கேட்டார். “யார் போட்டது இது?”

நான், “எழுத்து மட்டுந்தான் டீச்சர் என்னுது” என்றேன்.

இதை நான் வேறு எப்படியெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று கணக்கில்லாத தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். நாங்க மூணு பேரும்தான் என்று சொல்லியிருக்கலாம். அவங்க வெட்கப்பட்டுத்தான் முதுகுப் பக்கமா போடச் சொன்னாங்க என்று சொல்லியிருக்கலாம். எதுவும் கஷ்டமான வாக்கியம் இல்லை. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்குகிறவள் நான்.

தையல்காரர் மகள், தான் போட்டதாகச் சொன்னாள். பெண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இப்படி முதுகு தெரிய ஒரு பெண்ணைப் போடலாமா, நாலு பேர் பார்த்தால் பள்ளிக்கு என்ன பேர் வரும் என்று பெரிய டீச்சர் கேட்டுக்கொண்டே போனார். குரலை உயர்த்தவில்லை. அவள் தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“அந்தம்மா நெதம் இப்பிடித்தான டீச்சர் இங்க வராங்க.”

திமிராகச் சொல்லவில்லை. அவளுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பெரிய டீச்சர் ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தார். தண்ணிக்காரம்மா அப்போது பானையில் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக தினம் இரண்டு வேளை கண்முன்னால் நடமாடிய ஒருவரைப் பெரிய டீச்சர் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பார்வை என்ன செய்யப் போகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மேஜை டிராயரிலிருந்து பிளேடு எடுத்து அந்தத் தாளை வெட்டினார். நடுவில் மடித்துத் தைத்த இதழ் அல்லவா, ஒரு பாதியை வெட்டினால் மறு பாதியும் கழன்று வரும். ஆர்.ஐ. மகளின் உப்பிய கைப் பக்கமும் சேர்ந்து வந்துவிட்டது. தையல் நெகிழ்ந்து மற்றத் தாள்களும் ஆடத் தொடங்கின. வெட்டிய படத்தை டிராயரில் போட்டு மூடினார். அந்தத் தாள் பிறகு என்ன ஆயிற்று என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் தையல்காரரை வரச் சொன்னார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். பெரிய டீச்சர் கண்டித்து வைக்கும்படிதான் சொன்னாராம், பள்ளியை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தையல்காரர் கும்பிட்டுவிட்டு, “போதும்மா, இது படிச்சது. வூட்டோட இருக்கட்டும்” என்று சொல்லி மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். கொடுமைக்காரர் என்று வெகுகாலம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை அளவெடுக்கிற மனிதர். அவர் மகள் பெண்ணுடம்பை வரைகிறாள் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு கிளம்பினால் மறுநாள் அவர் நாடாவுக்கு எந்தப் பெண்ணும் நிற்க மாட்டாள். இது எனக்குப் புரிய எனக்கே ஒரு மகள் பிறக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் இன்னொன்றும் நடந்தது. தண்ணிக்காரம்மாவைக் கூப்பிட்டு, நாளை முதல் ரவிக்கை போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குள் வர வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். துணிக்கு எங்கள் கடைக்குத்தான் ஆள் வந்தது. விஷயத்தைக் கேட்ட நைனா வெள்ளைப் பாப்ளினைத் தாராளமாகக் கிழித்துக் கொடுத்து, நல்ல காரியம், காசு வேண்டாம் என்றார். ஒரு வாரம் வந்து போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். தைக்கும் வேலை தாழ்வாரத்துத் தையல்காரருக்குத்தான் வந்தது. அளவெடுக்க நேரமில்லை, குத்துமதிப்பாக வெட்டினார். மகள்தான் தைத்தாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கடைக்குள் உட்கார்ந்து இதழைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். மீதித் தாள்களைக் கொண்டுவந்தால் மேஜையில் வைக்கலாம் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். ஆர்.ஐ. மகள் தனக்கு இனி இதில் வேலையில்லை என்று சொல்லி ஒதுங்கிவிட்டாள். அவளுடைய அப்பா சொல்லியிருப்பார். நான் ஒருத்தியே கோணி ஊசியால் கைத்தையல் போட்டேன். வெளியே மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாலடி தூரம்தான். எழுந்து போகவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அம்மா இதழைப் புரட்டிப் பார்த்தார். கோட்டை அட்டையைப் புகழ்ந்தார். கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். வராந்தாவில் தண்ணிக்காரம்மா குடத்தோடு திணறிக்கொண்டிருந்தார். வெள்ளை ரவிக்கை அக்குளில் பிடித்தது, கை தோளுக்கு மேல் எழவில்லை. தலைக்குக் குடம் ஏற்ற முடியாமல் இடுப்பில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். பதினோரு மணிக்குள் பானைகள் காலி. இன்ஸ்பெக்ஷன் நாளில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அதற்கும் அவர் திட்டு வாங்கினார். ஒரு வாரம் அப்படியே ஓடியது. பிறகு அவருக்குப் பதிலாக, சைக்கிளில் இரண்டு தகர டின் கட்டிக்கொண்டு ஓர் ஆள் வர ஆரம்பித்தார்.

பெரிய டீச்சரைப் பற்றி இப்போது வேறு விதமாகவும் யோசிக்க முடிகிறது. வயதுக்கு வந்த பெண்களைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர். ஒரு புகார் கிளம்பினால் பத்துப் பெண்கள் நின்றுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்திருக்கும். பத்துப் பேரைக் காப்பாற்ற ஒருத்தியை விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டாலும் எனக்கு மனம் சமாதானமாகவில்லை. அந்த ஒருத்தி என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். அவள் பிறகு பள்ளிக்கு வரவே இல்லை. இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்து அனந்தபுரத்தில் ஒரு தையல்காரருக்கே வாழ்க்கைப்பட்டுப் போனாள். நன்றாகத்தான் இருந்தாள் என்று கேள்வி. படம் எதுவும் வரைந்ததாகக் கேள்விப்படவில்லை.

பள்ளியை விட்டு அவள் நின்று ஒரு மாதம் இருக்கும். நான் தினம் அவளைத் தாண்டித்தான் கடைக்குள் போனேன், வந்தேன். அவள் குனிந்து மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். நான் வேகமாகப் போய்விடுவேன். ஒரு சனிக்கிழமை மதியம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு தாழ்வாரத்தில் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் தண்ணிக்காரம்மா வந்துவிட்டார். கையில் அந்த வெள்ளை ரவிக்கை, மேலே பழைய துண்டு ஒன்றைத் தோள் மறையப் போர்த்தியிருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆயும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். கக்கத்தில் அறுக்கிறது, கொஞ்சம் தளர்த்திக் கொடு என்று அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கித் தையலைப் பிரித்தாள். அக்குளில் வைக்க ஒரு சின்னச் சதுரத் துணி வெட்டினாள். நான் அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தண்ணிக்காரம்மாதான் என்னைப் பார்த்தார்.

“நீதான பாப்பா புக்கு எழுதனவ? என்னைப் போட்டது எங்க? எனக்கு ஒரு தபா காட்டவே இல்லியே.”

அவர் அதைப் பார்க்கவில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்தது, பத்தாம் வகுப்பு பார்த்தது. அவருக்குக் காட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆசிரியரான எனக்கே தோன்றவில்லை.

“இன்ஸ்பெக்டர் அம்மா பாத்தாங்க. ரொம்ப நல்லா இருக்குதுன்னு எழுதிட்டுப் போனாங்க” என்றேன்.

மெஷின் நின்றது. தையல்காரர் மகள் நூலைப் பல்லால் கடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

தண்ணிக்காரம்மாவின் முகம் மலர்ந்தது. “என் முதுகையா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் அதை ரசித்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தில் யோசனை வந்தது. “புடிச்சிருந்துதுன்னா, பின்ன இன்னாத்துக்கு என்னை இத மாட்டிக்கச் சொன்னாங்க?”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “இப்பதான் ஸ்கூல் வேலை இல்லியே, புடிக்கலன்னா கழட்டிப் போட்டுடேன்” என்றேன்.

“மாட்டிட்டேனே பாப்பா, ஒரு வாரம் மாட்டிட்டேன். இப்ப இது இல்லாத தெருவுல வந்தா எல்லாரும் என் முதுகையே பாக்கறாப்பல இருக்குது.”

தையல்காரர் மகள் ரவிக்கையை உதறி நீட்டினாள். அவர் தாழ்வாரத்தின் மூலைக்குப் போய், சுவர்ப் பக்கம் திரும்பி, துண்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“கைய தூக்கிப் பாரு” என்றாள் அவள்.

தலைமேல் குடம் இருப்பதுபோல அவர் இரண்டு கையையும் மெல்ல உயர்த்தினார். இந்தத் தடவை எங்கும் இறுக்கிப் பிடிக்கவில்லை. “மேல போவுது” என்று சொல்லிவிட்டு, துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நாங்கள் இருவரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெள்ளைத் துணி, நடுவில் ஒரே நேர்த் தையல்.